பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொல்வது யார்?

வேளச்சேரி, தாம்பரம், போரூர் பக்கம் போனால் கோச்சிங் சென்டர் விளம்பரம் ஒட்டாத மின்கம்பத்தைப் பார்ப்பது அரிது. ஜாவா, பைத்தான், ஃபுல் ஸ்டாக், டேட்டா சயின்ஸ். ஆறு மாதம், சில இடங்களில் மூன்றே மாதம். நூறு சதவீத பிளேஸ்மென்ட், கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். பி.காம். படித்தவர், மெக்கானிக்கல் முடித்தவர், கல்யாணமாகி வேலையை விட்டவர் என்று யாரையும் விடாமல் கூப்பிடுகிறார்கள். செல்போனைத் திறந்தால் அதே அழைப்பு ரீல்ஸாக ஓடுகிறது.

இந்த விளம்பரங்களில் பொய் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். நூறு சதவீதத்தை பணம் கட்டுகிறவர்கூட முழுசாக நம்புவதில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு பொய் இருக்கிறது. அதை எல்லோரும் நம்புகிறார்கள். சென்டர் நடத்துகிறவர், சேருகிறவர், வீட்டுப் பெரியவர்கள், ஏன், ஐ.டி.யில் பத்து வருஷமாக வேலை பார்க்கும் மாமா பையன் வரைக்கும். இதுவரை என்ன வேலை பார்த்திருந்தாலும் சரி, ஐ.டி.க்குள் வந்தால் அதற்கு மதிப்பு பூஜ்யம் என்பதுதான் அது. “பழசையெல்லாம் மறந்துடுங்க, உங்களை ஃப்ரெஷரா நினைச்சுக்கோங்க” என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்.

இந்த அறிவுரை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் ஏழு வருஷம் இருந்தவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக ஓடிக் களைத்தவர், ஐ.சி.யு.வில் இரவுப்பணி பார்த்த நர்ஸ் என்று மூன்று பேரை வைத்துக்கொள்வோம். மூவரும் ஒரே வகுப்பறையில், போன மாதம் கல்லூரியை விட்டு வந்த 22 வயதுப் பையன்களோடு உட்கார்ந்து ஃபார் லூப் எழுதப் பழகுகிறார்கள். ஆறு மாதம் கழித்து மூவரின் ரெஸ்யூமையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரியாது. அதே மூன்று புராஜெக்ட்: ஷாப்பிங் கார்ட், நூலக மேலாண்மை, வானிலை ஆப். வங்கியும் பனியனும் வார்டும் எங்கே போயின? கடைசிப் பக்கத்தில், ‘இதர விவரங்கள்’ என்ற தலைப்பின் கீழ், அப்பா பெயருக்கும் பொழுதுபோக்குக்கும் நடுவில் கிடக்கின்றன. சிலர் அதையும் எடுத்துவிடுகிறார்கள்.

எடுத்துவிட்ட இடத்தில் என்ன வைக்கிறார்கள் என்பதுதான் இந்த விவகாரத்தின் மகா அபத்தம். ஃப்ரெஷராகப் போனால் 30 வயதுக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. அப்போது ‘கன்சல்டன்சி’ என்ற பெயரில் ஒருவர் வருகிறார். மூன்று வருஷ டெவலப்பர் அனுபவம் என்று ஒரு நிறுவனத்தின் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு தொகைக்குத் தயார். உண்மையான ஏழு வருஷத்தை மறைத்துவிட்டு, பொய்யான மூன்று வருஷத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார் மனிதர்! அந்தப் பொய்யும் நிற்பதில்லை. 2014 முதல் பி.எஃப். சந்தாதாரர்களுக்கு யு.ஏ.என். என்ற ஒரே எண் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பி.எஃப். கட்டப்பட்டது என்பது அதில் வரிசையாகத் தெரியும். பின்னணிச் சரிபார்ப்பு செய்கிறவர்கள் முதலில் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. வேலையில் சேர்ந்து சில மாதம் கழித்து மாட்டிக்கொண்டு வெளியேறியவர்களின் கதை ஓ.எம்.ஆர். சாலை டீக்கடைகளில் சர்வசாதாரணம்.

‘பழைய அனுபவம் பூஜ்யம்’ என்ற நம்பிக்கை இந்தத் துறையின் வரலாற்றுக்கே பொருந்தாது. இந்திய மென்பொருள் துறையின் தந்தை என்று அழைக்கப்படும் எஃப்.சி. கோலி மின்சாரத் துறைக்காரர். 1951 முதல் டாடா எலெக்ட்ரிக்கில் மின்விநியோகத்தைக் கவனித்தவர். 1969-ல் டி.சி.எஸ்.ஸை நடத்த அவரை அனுப்பியபோது வயது 45. நிறுவனம் தொடங்கி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மின்தொகுப்பைக் கட்டுப்படுத்தக் கணினியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று அங்கே வேலை பார்த்தபோதே பழகியிருந்தார். அந்தப் பழக்கம்தான் அவருடைய தகுதி. இன்றைய வேலைவாய்ப்புத் தளங்களில் அவருடைய ரெஸ்யூமைப் போட்டிருந்தால் ‘நான்-ஐ.டி., வயது அதிகம்’ என்று வடிகட்டியிருப்பார்கள்.

டேலியின் கதை இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் கணக்குப்பிள்ளையின் திரையில் அது இருக்கும். 1986-ல் பெங்களூரில் அதைத் தொடங்கியவர்கள் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும். அப்பா, ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திரப் பாகங்களும் விற்ற வியாபாரி. அன்றைக்குக் கிடைத்த கணக்கு மென்பொருள் எதுவும் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் குறியீடு கொடுத்து, அதை மனப்பாடம் செய்துகொண்டு பதிவு போட வேண்டிய காலம் அது. வியாபாரிக்குத் தெரிந்தது ஆள் பெயரும் கடை பெயரும், எண் எதற்கு? குறியீடே இல்லாத கணக்கு மென்பொருள் அப்படித்தான் வந்தது. நிரல் எழுதியது கணிதம் படித்த மகன். ஆனால் எது தொல்லை என்று சொன்னது பேரேட்டோடு வாழ்ந்த அப்பா. டேலி வென்றதற்கு இந்த இரண்டில் எது முக்கியக் காரணம் என்று கணக்குப்பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

பெரிய மனிதர்களின் கதை எல்லோருக்கும் பொருந்துமா என்ற கேள்வி நியாயம்தான். எனவே மேலே சொன்ன மூன்று பேருடைய வேலைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

வங்கி மென்பொருளில் வாராக்கடனைக் கண்டுபிடிக்கும் பகுதியை எழுதச் சொல்லி ஓர் இளம் டெவலப்பரிடம் கொடுத்தால், தவணை 90 நாளுக்கு மேல் பாக்கியா, அது வாராக்கடன் என்று நான்கு வரியில் முடித்துவிடுவார். வீட்டுக்கடனுக்கும் வாகனக்கடனுக்கும் அது சரி. பயிர்க்கடனுக்கு? அங்கே ரிசர்வ் வங்கியின் விதி நாள் கணக்கில் இல்லை. குறுகிய காலப் பயிர் என்றால் இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி நிற்க வேண்டும். நீண்ட காலப் பயிர் என்றால் ஒரு பருவம். எந்தப் பயிருக்குப் பருவம் எத்தனை மாதம் என்பதை மாநில அளவிலான வங்கியாளர் குழு தீர்மானிக்கிறது. குறுவைக்குக் கடன் வாங்கிய தஞ்சாவூர் விவசாயியை 91-ம் நாள் வாராக்கடன் பட்டியலில் சேர்த்துவிடும் மென்பொருளை, அது கிளைக்குப் போவதற்கு முன்பே பிடித்து நிறுத்தக்கூடியவர் யார்? அந்தக் கடனை ஏழு வருஷம் கையால் வகைப்படுத்தியவர்தான். இதை எந்த ஆறு மாதப் படிப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். சொல்லித்தருகிறவருக்கே தெரியாது.

திருப்பூருக்கு வருவோம். ஒரு சாதாரண சரக்கு இருப்பு மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: பொருள் உள்ளே வரும், வெளியே போகும், மீதி இருக்கும். பனியன் கம்பெனியில் பொருள் நடுவழியில் வேறொன்றாக மாறிவிடும். நூலாக நிட்டிங்குக்குப் போனது துணியாக வரும். அந்தத் துணி சாயப்பட்டறைக்குக் கிலோவில் போகும். நிறம் ஏறி, எடை குறைந்து திரும்பும். எவ்வளவு குறையலாம் என்பது நிறத்தைப் பொறுத்தது, துணியைப் பொறுத்தது, சில நேரம் பட்டறையைப் பொறுத்தது. கட்டிங்குக்குக் கிலோவில் போனது பீஸ் கணக்கில் வெளியே வரும். அதற்குப் பிறகு ஸ்டைல், நிறம், சைஸ் என்று பிரியும். இதில் பாதிக்குமேல் வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் வொர்க். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் வொர்க்குக்கு டெலிவரி சலான் போட்டு அனுப்பிய பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. வண்டியில் ஏற்றும் சரக்கின் மதிப்பு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். வேறு மாநிலத்துக்கு என்றால் பொதுவாக அந்த வரம்பு 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ஒரு லட்சம்.

இத்தனையையும் மண்டையில் வைத்துக்கொண்டு, பையரின் மெயிலுக்குப் பதில் போட்டபடியே சாயப்பட்டறைக்காரரோடு போனில் சண்டை போட்டவர் மெர்ச்சண்டைசர். அவரை உட்காரவைத்து வானிலை ஆப் எழுதச் சொல்கிறது ஊர்! பின்னலாடைக்கு ஈ.ஆர்.பி., அதாவது கம்பெனியின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் மென்பொருள், செய்யும் சின்ன நிறுவனங்கள் கோவையிலும் திருப்பூரிலும் இருக்கின்றன. ‘கஸ்டமர் சொல்வது புரியவில்லை, நாம் சொல்வது கஸ்டமருக்குப் புரியவில்லை’ என்பது அங்கே தினப்படிப் புலம்பல். அந்த இடைவெளியில் நின்று பேசத் தெரிந்தவருக்கு ஃபங்ஷனல் கன்சல்டன்ட் என்று பெயர். எஸ்.ஏ.பி. என்ற ஈ.ஆர்.பி. மென்பொருளின் உலகத்தில் நிதிப்பகுதியைப் பார்க்கும் கன்சல்டன்ட்களில் பி.காம்., சி.ஏ. படித்தவர்களைத் தேட வேண்டியதில்லை. கண்ணில் படுகிறவர்களில் பலர் அவர்கள்தான்.

நர்ஸின் வழி வேறு. டாக்டரின் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் என்றதும், அது பி.பி.ஓ., ஐ.டி. இல்லை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10 முறைக்கு மாறின. அதன்படி வலது முன்கை ஆரை எலும்பின் கீழ்முனை முறிவு, மூடிய முறிவு, முதல் சிகிச்சை என்றால் குறியீடு எஸ் 52.501 ஏ. அந்தக் கடைசி ஏழாவது எழுத்து ‘டி’ என்றால் எலும்பு ஒழுங்காகக் கூடிவருகிறது, தொடர்சிகிச்சை. ‘ஜி’ என்றால் கூடத் தாமதமாகிறது. ‘கே’ என்றால் கூடவே இல்லை. டாக்டரின் குறிப்பைப் படித்து ‘டி’யா ‘ஜி’யா என்று முடிவு செய்ய எலும்பு முறிவு நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்த கண் வேண்டும். சென்னையில் இந்த வேலைக்கு நர்ஸிங், பார்மசி, பிசியோதெரபி படித்தவர்களைத் தேடித்தேடி எடுப்பதன் காரணம் இதுதான். இங்கே நுழைந்தவர்களில் சிலர், மருத்துவமனை மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு நகர்கிறார்கள். அங்கே கேள்வி இன்னும் கூர்மை: ஒரு நோயாளிக்குப் பென்சிலின் அலர்ஜி என்று பதிந்த பிறகும் மருந்துத் திரை அமாக்ஸிசிலினை எழுத விடுகிறதா? பட்டன் வேலை செய்கிறதா என்று பார்ப்பவர் இந்தப் பிழையைப் பிடிக்க மாட்டார். வார்டில் இருந்தவர் முதலில் இதைத்தான் தேடுவார்.

இந்த வாதத்துக்கு எதிராக வரும் கேள்விகள் லேசானவை அல்ல. முதலாவது: பெரிய நிறுவனங்களின் வாசலில் நிற்கும் வடிகட்டி. ‘2025-ல் தேர்ச்சி பெற்றவர்கள் மட்டும்’, ‘பத்தாம் வகுப்பு முதல் 60 சதவீதம்’, ‘படிப்பில் இடைவெளி கூடாது’ என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் பயிர்ப் பருவத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? பயன் இல்லை, உண்மைதான். அந்த வாசல் கல்லூரியிலிருந்து நேராக வருகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஆளெடுத்து, தாங்களே பயிற்சி கொடுத்து, எந்த புராஜெக்ட் வருகிறதோ அதில் போடுவது அவர்கள் முறை. 30 வயதில், குடும்பத்தோடு, அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்பதுதான் தவறு. வரிசை ஒன்றுதான் என்று நம்பவைத்ததும் அதே பூஜ்ய அறிவுரைதான்.

இரண்டாவது கேள்வி ஏ.ஐ. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நடுநிலை, மூத்த நிலை ஊழியர்களே அதில் அதிகம் என்றும் சொன்னது. ‘இருக்கிறவனுக்கே வேலை இல்லை, புதுசா எதுக்கு வர்றீங்க?’ என்ற குரல் அன்றிலிருந்து உரத்துக் கேட்கிறது. கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ஏ.ஐ. முதலில் விலையைக் குறைத்தது எதை என்று பார்க்க வேண்டும். ஷாப்பிங் கார்ட், நூலக மேலாண்மை, வானிலை ஆப். கோச்சிங் சென்டர் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுக்கும் அதே மூன்றையும் இன்றைக்கு ஏ.ஐ. கருவியிடம் கேட்டால், டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறது. வாராக்கடன் பகுதியையும் அது எழுதும். யாராவது பயிர்க்கடன் என்ற பேச்சை எடுத்தால்தான் பயிர்ப் பருவத்தைச் சேர்க்கும். எடுக்காவிட்டால் 90 நாள் என்று அழகாக, பிழையில்லாத நிரலாக, தப்பாக எழுதித் தரும். அந்தத் தப்பு கண்ணில் படுகிறவருக்கான தேவை கூடுமே தவிரக் குறைய வழியில்லை. ஏ.ஐ.க்குப் பயந்து பழைய அனுபவத்தை மறைக்கிறவர், கையில் இருக்கும் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிறார்.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது. டேட்டாபேஸ் இயந்திரம் எழுதுவது, ஆபரேட்டிங் சிஸ்டம், சிப் வடிவமைப்பு, நெட்வொர்க்கின் அடித்தளம் போன்ற வேலைகளில் வங்கி அனுபவமோ வார்டு அனுபவமோ செல்லாது. அங்கே போக ஆசைப்பட்டால் கணினி அறிவியலை அடியிலிருந்து படித்தாக வேண்டும், ஆறு மாதம் போதாது. அதற்கும் வயது தடையில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டத்துக்கு ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பு இல்லை. நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுலபம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். வார இறுதிகளை அது தின்றுவிடும்.

பழைய அனுபவம் போதும், புதிதாக எதுவும் கற்க வேண்டாம் என்பதும் இதே அளவு பொய். எஸ்.கியூ.எல். தெரியாத வங்கிக்காரர், வங்கி மென்பொருள் புராஜெக்ட்டில் இரண்டாவது வாரமே திணறுவார். டேட்டாபேஸில் எந்த அட்டவணை எதோடு சேருகிறது, ஏ.பி.ஐ. என்றால் என்ன, ஒரு பிழையை டெவலப்பருக்குப் புரியும்படி எப்படி எழுதுவது, தேவைக் குறிப்பு ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் கற்றே ஆக வேண்டும். பைத்தானும் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. இதற்கெல்லாம் காசு கொடுத்துப் படிப்பதிலும் தவறில்லை, சொல்லிக்கொடுப்பவர் தகுதியானவராக இருந்தால். கற்பதைப் பழைய வேலையின் மேல் ஏற்றிக் கற்க வேண்டும் என்பதுதான் விஷயம். வானிலை ஆப்புக்குப் பதிலாகப் பயிர்க்கடன் வகைப்படுத்தலைச் செய்துபார்க்கலாம்; நூலகத்துக்குப் பதிலாக ஜாப் வொர்க் சலானுக்கு ஒரு வருஷக் கெடு முடிவதை முன்கூட்டியே எச்சரிக்கும் சின்ன நிரல் எழுதலாம். நேர்முகத்தில் இதைக் காட்டும்போது எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வாசல்களில் பலரும் கவனிக்காத ஒன்று, இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே இருக்கிறது. ஒரு கம்பெனியில் ஈ.ஆர்.பி. வருகிறது என்றால், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ‘கீ யூசர்’ என்று ஒருவரைக் கேட்பார்கள். கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம் கிடையாது. அதனால் எல்லோரும் நழுவுவார்கள். நழுவாமல் போய் உட்கார்ந்தவருக்கு, ஐ.டி.க்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதெல்லாம் செலவில்லாமல் கிடைக்கும். கீ யூசராக இருந்து, அந்த மென்பொருளை நிறுவ வந்த நிறுவனத்திலேயே பிறகு சேர்ந்தவர்கள் இந்தத் துறையில் அபூர்வம் அல்ல. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தபோது இந்தியாவின் பில்லிங் மென்பொருள் அனைத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வரி தெரிந்தவர்களுக்கு அன்று இந்த வாசல் அகலமாகத் திறந்தது. இ-இன்வாய்ஸ் கட்டாயம் 2020-ல் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கியது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் புதிதாக ஆயிரமாயிரம் கடைகள் மென்பொருளை மாற்றின. இதற்கெல்லாம் உதவிக்கு ஓடியவர்கள் எல்லோரும் பி.இ. படித்தவர்கள் அல்ல.

வேலையை விட்டு வருஷக்கணக்கில் வீட்டில் இருந்த பெண்களிடம் இந்தப் பூஜ்யப் பேச்சு இன்னும் கொடுமையாக வேலை செய்கிறது; அவர்களே தங்களைப் பூஜ்யம் என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ஜோஹோ ‘மறுபடி’ என்ற பெயரிலேயே இவர்களுக்கென ஒரு பயிற்சி நடத்துகிறது. மற்ற நிறுவனங்களும் இப்படித் திட்டம் வைத்திருக்கின்றன. இடைவெளியை மறைக்கப் பொய்க் கடிதம் வாங்குவதைவிட, இடைவெளியை வெளிப்படையாகக் கேட்கும் இடத்துக்குப் போவது மேல்.

சம்பளத்தைப் பற்றியும் நேராகவே சொல்லிவிடலாம். மாறும் முதல் ஒன்றிரண்டு வருஷம் வருமானம் குறையலாம். சின்ன நிறுவனத்தில், சப்போர்ட் வேலையில், இரவு ஷிஃப்ட்டில் தொடங்க வேண்டி வரலாம். வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வகுப்பில் சேர்வது அசட்டுத் துணிச்சல். வேலையில் இருந்துகொண்டே மாறுவதற்கு வழி தேடுவதுதான் புத்தி.

எனவே, வேளச்சேரியில் தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பேனாவால் முதலில் வேறொன்று எழுதுங்கள். உங்கள் பழைய அலுவலகத்தில் இருந்த மென்பொருள் எங்கெல்லாம் தப்பாகக் கணக்குப் போட்டது, எந்தத் திரையைக் கண்டு எல்லோரும் திட்டினார்கள், எந்த வேலையைக் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நோட்டில் எழுதி வைத்தீர்கள், ஏன் என்று ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். அந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் பெயர் திரையின் அடியிலேயே இருக்கும். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள்.